'பிற'வில் போய் விழுந்தவர்கள்: ஓர் ஆள்சேர்ப்பு மென்பொருளோடு மூன்று வருஷம்

போன வாரம் நண்பர் ஒருவர் வாட்ஸ்அப்பில் கேட்டார்: "உங்க ஆபீஸ்ல ஓடுற ஏடிஎஸ் (வேலைக்கு வர்ற விண்ணப்பங்களை வாங்கிப் பிரிக்கிற மென்பொருள்) எப்படி? விண்ணப்பிக்கிறவங்க கிட்ட இனக்குழு விவரம் வாங்குற மாட்யூலோட சேர்த்து வாங்கலாமான்னு பார்க்கிறோம்." ஒரு வரியில் பதில் சொல்லியிருக்கலாம். ஆனால் அன்றைக்குப் பார்த்துப் பெரிய அப்டேட் ஒன்று வந்து, காலையிலிருந்து நான் எக்செலோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். அனுப்பிய பதில் நீண்டுவிட்டது. கோபத்தில் எழுதிய இரண்டு மூன்று வார்த்தைகளை எடுத்துவிட்டு மிச்சத்தை இங்கே எழுதுகிறேன்.

விண்ணப்பம் பிரிப்பது, இன்டர்வியூ தேதி போடுவது, மெயில் அனுப்புவது எல்லாம் எல்லா மென்பொருளும் செய்கிற மாதிரிதான். அதில் சொல்ல ஒன்றுமில்லை. விண்ணப்பத்தின் கடைசியில் "உங்கள் இனக்குழு எது? விருப்பமிருந்தால் மட்டும் சொல்லுங்கள்" என்று ஒரு பக்கம் வருகிறதே, அதைப் பற்றித்தான் பேச்சு.

அந்தப் பக்கத்தை யாரோ யோசித்துச் செய்திருக்கிறார்கள். எதற்காகக் கேட்கிறோம், யார் பார்ப்பார்கள், யார் பார்க்க முடியாது, எத்தனை நாள் வைத்திருப்போம் என்று மேலேயே நாலு வரியில் இருக்கிறது. எத்தனை கட்டத்தில் வேண்டுமானாலும் டிக் அடிக்கலாம். எதுவும் பொருந்தாவிட்டால் சொந்த வார்த்தையில் எழுத ஓர் இடம். "சொல்ல விரும்பவில்லை" என்பதற்குத் தனிக் கட்டம். இந்தக் கடைசி விஷயத்தின் அருமை எனக்கு இரண்டாம் வருஷம்தான் புரிந்தது. கேள்வியைப் பார்க்காமலே தாண்டிப் போனவர் வேறு. படித்துப் பார்த்து, யோசித்து, மாட்டேன் என்று டிக் அடித்தவர் வேறு. ஒரே ஒரு வேலை அறிவிப்புக்கு மட்டும் மாட்டேன் என்றவர்கள் திடீரென்று கூடியிருந்தார்கள். போய்ப் பார்த்தால், அந்த அறிவிப்பில் யாரோ இந்தப் பக்கத்தைத் தூக்கி ரெஸ்யூமே ஏற்றும் இடத்துக்கு முன்னால் வைத்திருந்தார்கள். வேலைக்கு வந்த மனிதரிடம் பெயரைக் கேட்பதற்கு முன்பே நீ என்ன இனம் என்று கேட்டால் யாருக்குத்தான் பிடிக்கும்? கடைசிக்கு நகர்த்தினோம், சரியாகிவிட்டது. இரண்டையும் சேர்த்து 'பதில் இல்லை' என்று காட்டியிருந்தால் இது என் கண்ணில் பட்டே இருக்காது.

இன்னொன்று, நான் எதிர்பார்க்காதது. ஒருநாள் ஒரு மேனேஜர் என் மேசைக்கு வந்து, "இந்தப் பேரை எப்படி வாசிக்கிறதுன்னே தெரியல, ஆள் எந்தப் பக்கம்னு சிஸ்டத்துல பார்த்துச் சொல்லுங்களேன்" என்றார். கெட்ட எண்ணம் இல்லை, வெறும் ஆர்வம்தான். பார்த்தேன். அட்மினாக இருந்தும் எனக்கே அது திறக்கவில்லை. தனி ஆளின் பதில் ரெக்ரூட்டருக்கும் தெரியாது, மேனேஜருக்கும் தெரியாது. மொத்தக் கணக்காக மட்டும்தான் வெளியே வரும். 2018 மே மாதம் நடைமுறைக்கு வந்த ஐரோப்பியத் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, அங்கே இன மூலம் பற்றிய தகவல் தனிக் காவல் வேண்டிய வகை. பிரான்ஸ் இன்னும் கறார். இன அடிப்படையில் ஆட்களைக் கணக்கெடுப்பது அரசியலமைப்புக்கு ஒவ்வாது என்று 2007இல் அங்கே தீர்ப்பே வந்தது. இந்த மென்பொருளில் வேலை எந்த நாட்டில் என்பதைப் பொறுத்து அந்தப் பக்கம் தானாக மாறும், அல்லது மறைந்துபோகும். இதைச் செய்தவர்களுக்கு ஒரு கும்பிடு.

இனிமேல்தான் வயிற்றெரிச்சல்.

வாய் நிறைய விசாரித்துவிட்டு, நாம் பதில் சொல்லும்போது செல்போனைப் பார்க்கிற ஆட்கள் இருக்கிறார்கள் இல்லையா? இந்த மென்பொருளின் ரிப்போர்ட் அந்த ரகம். இரண்டு கட்டத்தில் டிக் அடித்தவரை "இரண்டு அல்லது அதற்கு மேல்" என்ற ஒரே பெட்டியில் போட்டுவிடும். அவர் எந்த இரண்டைச் சொன்னார் என்பது ரிப்போர்ட்டில் வராது. சொந்த வார்த்தையில் எழுதியவர் நேராகப் 'பிற'வுக்குப் போவார். கறுப்பினத் தாய்க்கும் சீனத் தந்தைக்கும் பிறந்தவரும், வெள்ளையினத் தாய்க்கும் அரபுத் தந்தைக்கும் பிறந்தவரும் ஒரே வரிசையில் ஒரே எண்ணாக நிற்பார்கள்.

'பிற' என்பதைச் சில்லறை என்று நினைக்கக் கூடாது. அமெரிக்காவின் 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 'வேறு ஏதோ இனம்' என்பதைத் தனியாகவோ இன்னொன்றோடு சேர்த்தோ சொன்னவர்கள் 4 கோடியே 99 லட்சம் பேர். வெள்ளையருக்கு அடுத்த பெரிய கூட்டமே அதுதான். கட்டம் போட்டவர்கள் யோசிக்காமல் விட்ட இடத்தில்தான் அத்தனை பேரும் நின்றார்கள், பெரும்பாலும் லத்தீன் அமெரிக்க வம்சாவளியினர். நம் கதைக்கே வருவோம். இங்கிலாந்துக் கணக்கெடுப்பின் பட்டியலில் ஆசியர் என்ற தலைப்பின் கீழ் இந்தியர், பாகிஸ்தானியர், வங்கதேசத்தவர், சீனர் என்று நாலு கட்டம், ஐந்தாவது 'வேறு ஆசியப் பின்னணி'. ஓர் ஈழத்தமிழர் எதில் டிக் அடிப்பார்? ஐந்தாவதில் அடித்துப் பக்கத்தில் எழுதுவார். எழுதியது எங்கே போகும்? எங்கள் ரிப்போர்ட்டில் என்றால் 'பிற', அவ்வளவுதான். இந்தக் கட்டங்கள் ஒன்றும் கல்வெட்டும் இல்லை. அமெரிக்காவின் 1970 கணக்கெடுப்பில் இந்திய வம்சாவளியினரை வெள்ளையராகத்தான் எண்ணினார்கள். 1980இல்தான் அவர்களுக்குத் தனிக் கட்டம் கிடைத்தது.

இதைச் சரியாகச் செய்ய முடியாதா என்றால், நியூசிலாந்தில் செய்துகொண்டுதான் இருக்கிறார்கள். மாவோரி (அந்த நாட்டுப் பூர்வகுடி) என்றும் ஐரோப்பியர் என்றும் இரண்டைச் சொன்னவரை இரண்டிலும் எண்ணுவார்கள். மொத்தம் 100 சதவீதத்தைத் தாண்டும். தாண்டட்டுமே, கீழே ஒரு குறிப்புப் போட்டால் போயிற்று. முதல் வருஷமே இதை எழுதி மென்பொருள் நிறுவனத்தின் சப்போர்ட்டுக்கு ஒரு டிக்கெட், அதாவது புகார், போட்டேன். "மொத்தம் 100ஐத் தாண்டினால் வாடிக்கையாளர்கள் குழம்புவார்கள்" என்று பதில் வந்தது. என் டிக்கெட்டை எந்த வகையில் சேர்த்திருக்கிறார்கள் என்று பார்த்தேன். 'பிற' என்று இருந்தது.

இது வெறும் மனத்தாங்கல் இல்லை, கணக்கையே கெடுக்கிறது. ஐந்தில் நாலு விதி தெரிந்திருக்கும், 1978இல் அமெரிக்காவில் வகுத்தது: ஒரு குழுவின் தேர்ச்சி விகிதம், அதிகம் தேறிய குழுவின் விகிதத்தில் ஐந்தில் நாலு பங்குக்குக் கீழே போனால் எங்கோ பாரபட்சம் இருக்கலாம் என்று சந்தேகப்பட வேண்டும். மென்பொருளில் இதற்கு ஒரு சிவப்பு விளக்கு உண்டு. 60 பேர் விண்ணப்பித்து 30 பேர் ஸ்க்ரீனிங்கைத் தாண்டினால் 50 சதவீதம். இன்னொரு குழுவில் 20 பேருக்கு 7 பேர் என்றால் 35. ஐம்பதில் முப்பத்தைந்து என்பது 0.7, அதாவது 0.8க்குக் கீழே. விளக்கு எரிய வேண்டும். இப்போது அந்த 20 பேரில் 6 பேர் இரண்டு டிக் அடித்தவர்கள், அவர்களில் ஒருவர்தான் தேறினார் என்று வையுங்கள். மென்பொருள் அந்த 6 பேரையும் எடுத்து வேறு பெட்டியில் போட்டுவிடும். மிச்சம் 14 பேர், தேறியவர்கள் 6 பேர், கிட்டத்தட்ட 43 சதவீதம். ஐம்பதோடு ஒப்பிட்டால் 0.86. விளக்கு அணைந்துவிடும். கஷ்டப்பட்டவர்களைக் கணக்கிலிருந்து கழித்துவிட்டு எல்லாம் சுகம் என்று சொல்லும் விளக்கு எதற்கு?

அவர்கள் பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது, அதை மறைக்கக் கூடாது. ஐந்து பேருக்குக் குறைவான குழு என்றால் ரிப்போர்ட் எண்ணையே காட்டாது. எகிப்து, சூடான் பக்கத்து நூபியர் ஒரே ஒருவர் விண்ணப்பித்திருக்கிறார் என்று காட்டினால், ரெஸ்யூமேக்களைப் புரட்டி ஆளைக் கண்டுபிடிக்க எத்தனை நேரம் ஆகும்? எல்லாவற்றையும் பிரித்துக் காட்டு என்று நான் கத்துவதும், யாரையும் காட்டிக்கொடுக்காதே என்று நான் மெச்சுவதும் ஒன்றோடொன்று முட்டும். தெரிகிறது. ஆனால் ஐந்து பேருக்கு மேல் இருந்தாலும் பிரித்துக் காட்டாததற்கு இது சாக்கு ஆகாது.

தமிழ் மொழிபெயர்ப்பைப் பற்றி ஒரு வார்த்தை. முதல் ஆறு மாதம் தமிழ்ப் படிவத்தில் அந்தக் கேள்வியின் தலைப்பு "பந்தயம்" என்று இருந்தது. உங்கள் பந்தயத்தைத் தேர்ந்தெடுக்கவும். ஆங்கிலத்தில் 'ரேஸ்' என்றால் இனமும்தான், பந்தயமும்தான்; இயந்திரமோ ஆளோ தப்பானதைப் பிடித்துக்கொண்டது. நானும் என்னோடு வேலை பார்க்கும் ஒருவரும் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பிறகு 'இனம்' என்று மாற்றினார்கள். அதிலும் சிக்கல்தான். தமிழில் இனம் என்றால் ஒருவர் மொழியைச் சொல்வார், ஒருவர் சாதியைக் கேட்கிறார்களோ என்று பயப்படுவார். 'இனக்குழு' என்று மாற்றி, கீழே "சாதியைக் கேட்கவில்லை" என்று ஒரு வரி சேர்க்கச் சொன்னேன். இரண்டே நாளில் சேர்த்தார்கள். சின்ன வேலை என்றால் ஓடி வந்து செய்வார்கள்.

இப்போது அந்த அப்டேட். 2024 மார்ச்சில் அமெரிக்க அரசு தன் இன வகைப்பாட்டை மாற்றியது. லத்தீன் அமெரிக்க வம்சாவளியா என்று தனியாக ஒரு கேள்வி, இனம் எது என்று தனியாக ஒரு கேள்வி என்று இருந்ததை ஒன்றாக்கினார்கள். அதுவரை வெள்ளையரோடு சேர்த்து எண்ணப்பட்ட மத்திய கிழக்கு, வட ஆப்பிரிக்க வம்சாவளியினருக்குத் தனி வகை கொடுத்தார்கள். நல்ல மாற்றம். அதை மென்பொருளிலும் கொண்டுவந்திருக்கிறார்கள், தாமதமாக என்றாலும் சந்தோஷம். ஆனால் கூடவே பழைய பதில்களையும் கிளறியிருக்கிறார்கள். சொந்த வார்த்தையில் 'எகிப்து' என்று எழுதியவர்களைப் 'பிற'விலிருந்து எடுத்துப் புது வகையில் தானாகப் போட்டிருக்கிறார்கள். கறுப்பினம் என்று டிக் அடித்துவிட்டுப் பக்கத்தில் எகிப்து என்று எழுதியவருக்கு இப்போது இரண்டு வகை ஆகிவிட்டது. ஆகவே அவர் "இரண்டு அல்லது அதற்கு மேல்" பெட்டிக்குப் போய்விட்டார். போன வருஷம் நாங்கள் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த அறிக்கைக்கும் இன்றைக்கு டாஷ்போர்டு காட்டும் போன வருஷத்துக்கும் கணக்கு ஒத்துப்போகவில்லை. யாரைக் கேட்டு அவர் பதிலை மாற்றினீர்கள்?

அதைவிட என்னைக் கொதிக்க வைத்தது வேறு. சொந்த வார்த்தையில் எழுதியதைப் படித்து ரிப்போர்ட்டில் கொண்டுவருவது தொழில்நுட்ப ரீதியாக முடியாது என்று மூன்று வருஷமாகச் சொன்னவர்கள் இவர்கள். ஒரே ராத்திரியில் அத்தனையையும் படித்து இடம் மாற்றியிருக்கிறார்கள். ஆக, படிக்கத் தெரிந்திருக்கிறது.

நண்பருக்கு அன்று ராத்திரி அனுப்பிய பதிலின் கடைசி வரி: வாங்காதீர்கள். மறுநாள் காலை எங்கள் ரினியூவல் ஒப்புதலுக்கு வந்தது. வேறு இரண்டு மென்பொருளின் டெமோவை மறுபடி ஓட்டிப் பார்த்தேன். ஒன்றில் ஒரே ஒரு டிக்தான் அடிக்க முடியும். இன்னொன்றில் விண்ணப்பித்தவரின் பதில், பெயருக்குப் பக்கத்திலேயே மேனேஜர் பார்வைக்குத் தெரிகிறது. ஒப்புதலை அழுத்தினேன், இன்னும் ஒரு வருஷத்துக்கு. நண்பரிடம் இன்னும் சொல்லவில்லை. பழைய கணக்கை மீட்டுத்தரச் சொல்லிப் போட்ட புது டிக்கெட் அப்படியே திறந்து கிடக்கிறது. இந்த முறை வகையை நானே தேர்ந்தெடுத்தேன்: 'ரிப்போர்ட் பிழை'.