கிரானைட் இழைகளைப் பார்க்க 10 எக்ஸ் டிரிப்ளெட் லென்ஸ்: எதைக் காட்டும், எங்கே நின்றுவிடும்

கிரானைட் ஸ்லாபில் ஓடும் மெல்லிய பச்சைக் கோடு விரிசலா, கனிமம் நிரம்பி என்றோ மூடிப்போன பழைய விரிசலா என்று வெறும் கண்ணால் சொல்வது கடினம். இப்படிக் கனிமம் நிரம்பிய கோடுதான் இழை. அரை மில்லிமீட்டர் இழையைப் படிக்க, பெலாரஸ் தயாரிப்பான பெலோமோ 10 எக்ஸ் டிரிப்ளெட் போன்ற கை லென்ஸ்தான் சரியான கருவி. மூன்று கண்ணாடிகளைச் சேர்த்து ஒட்டியிருப்பதால் ஓரத்தில் வானவில் நிறம் படியாது. இழைகளைப் பார்ப்பவருக்கு இது பெரிய விஷயம். பிஸ்தா பச்சை என்றால் எபிடோட், கரும்பச்சை என்றால் குளோரைட். நிறம் பிசகினால் கனிமமும் பிசகிவிடும்.

"30 எக்ஸ்" என்று மலிவாக வரும் லென்ஸை வாங்க வேண்டாம். உண்மையிலேயே 30 மடங்கு என்றால் கல்லைச் சுமார் 8 மி.மீ. நெருக்கத்தில் பிடிக்க வேண்டும். அதற்குள் வெளிச்சம் நுழைய இடமிருக்காது. பெரிய கண்ணாடியில் அந்த எண்ணை அச்சிட்டு விற்பவை பெரும்பாலும் அந்தப் பெருக்கத்தைத் தருவதே இல்லை.

10 எக்ஸுக்குத் தூரம் 25 மி.மீ. லென்ஸைக் கண்ணை ஒட்டிப் பிடித்துக்கொண்டு, கல்லை லென்ஸிடம் கொண்டுவர வேண்டும். ஸ்லாப் என்றால் தலையைக் குனிய வேண்டும். கை நீட்டிப் பிடித்தால் தெரியும் பரப்பு சுருங்கிவிடும். பாலிஷ் போட்ட கல்லுக்கு டார்ச்சைப் பக்கவாட்டில், தாழ்வான கோணத்தில் அடியுங்கள். லென்ஸைச் சுற்றி எல்இடி வளையம் உள்ள மாடல்கள் இங்கே உதவாது. அவற்றின் வெளிச்சம் பாலிஷில் பட்டுக் கண்ணுக்கே திரும்பும். உடைந்த கல் என்றால் ஒரு சொட்டுத் தண்ணீர் தடவினாலே நிறங்கள் பளிச்சென்று பிரியும்.

இப்படிப் பார்க்கும்போது இழை உருவான விதமே தெரியத் தொடங்கும். சுமார் 700 டிகிரி செல்சியஸில் உறைந்து முடிந்த கிரானைட் குளிரும்போது, அதன் முக்கியக் கனிமங்களில் குவார்ட்ஸ், பக்கத்திலுள்ள ஃபெல்ஸ்பாரைவிட அதிகமாகச் சுருங்கும். 573 டிகிரியில் அதன் படிக அமைப்பும் மாறும். ஆழத்தில் அழுத்தம் இருந்தால் இந்த வெப்பநிலை சற்று உயரும். கனிம மணிகளின் எல்லையில் நுண்விரிசல் விழுவது இதனால்தான். பிறகு அழுத்தத்தோடு வரும் வெந்நீர், பாறை மிகக் குறைவாக நெருக்கப்படும் திசையில் விரிசலைப் பிளக்கும். பிளந்ததும் அழுத்தம் இறங்கும், நீரும் ஆறும், கரைந்திருந்த சிலிக்கா குவார்ட்ஸாகச் சுவரில் படியும். மறுபடி பிளக்கும், மறுபடி மூடும். ஒவ்வொரு முறையும் சேர்வது பெரும்பாலும் 0.01 முதல் 0.1 மி.மீ. வரைதான், இவற்றில் தடித்த பட்டைகள் மட்டுமே லென்ஸில் அகப்படும்.

கவனித்துப் பார்க்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. ஃபெல்ஸ்பாரின் குறுக்கே தெளிவாக ஓடும் குவார்ட்ஸ் இழை, அடுத்த குவார்ட்ஸ் மணிக்குள் நுழைந்ததும் காணாமல் போகும். இழை அங்கே முடிந்துவிட்டது என்று பலர் குறித்துக்கொள்வார்கள். முடிவதில்லை. புதிய குவார்ட்ஸ் பழைய மணியின் படிகத்தையே தொடர்ந்து வளர்ந்திருப்பதால் எல்லை தெரிவதில்லை, அவ்வளவுதான். மணியைத் தாண்டி அதே நேர்கோட்டில் தேடுங்கள், மறுபடி கிடைக்கும்.

அடுத்து இழையின் இருபுறமும் பாருங்கள், அந்த வெந்நீர் பக்கத்துக் கல்லையும் மாற்றியிருக்கும். எபிடோட் இழையை ஒட்டி பிளேஜியோகிளேஸ் (கால்சியம் கலந்த ஃபெல்ஸ்பார்) வெளிறி மங்கியிருக்கும், கருப்பு மைக்கா பச்சையாகியிருக்கும், பொட்டாஷ் ஃபெல்ஸ்பார் சில இடங்களில் சிவந்திருக்கும். எபிடோட்டுக்கான கால்சியம் பெரும்பாலும் அந்த பிளேஜியோகிளேஸ் சிதைந்து வந்ததே. இங்கிலாந்தின் கார்ன்வாலில், செயின்ட் மைக்கேல்ஸ் மவுண்ட் கிரானைட்டில் குவார்ட்ஸ் இழைகளின் ஓரத்தில் ஃபெல்ஸ்பார் அழிந்து வெள்ளை மைக்காவும் குவார்ட்ஸுமாக மாறியிருப்பது இதே வேலையின் இன்னும் கடுமையான வடிவம். ஓரம் மாறாமல், சர்க்கரை போன்ற நுண்மணிகளாக இருந்தால் அது பெரும்பாலும் ஏப்லைட். நீர் விட்டுச் சென்றதல்ல, கடைசியாக உறைந்த பாறைக்குழம்பு.

ஸ்லாப் வாங்குகிறவர்களுக்கும் இந்த ஓரம்தான் தடயம். எபாக்சி பசை ஊற்றி மறைத்த ஹேர் கிராக்கில் மாறிய ஓரம் இருக்காது, குமிழிகள் இருக்கலாம், இருபுற மணிகளும் வெட்டிய பாதிகளாகப் பொருந்தும். 365 நானோமீட்டர் புற ஊதா டார்ச்சில் எபாக்சி பல நேரம் நீலமாக ஒளிரும். ஆனால் இழைகளில் வரும் கால்சைட் (சுண்ணாம்புக் கனிமம்) சிலவும் ஒளிரும். அதனால் ஸ்லாபின் பின்புறத்தில், இழைமேல் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஒரு சொட்டு விடுங்கள். பொங்கினால் கால்சைட்; எபிடோட்டும் குவார்ட்ஸும் அசையாது. சோதித்ததும் தண்ணீர்விட்டுக் கழுவிவிடுங்கள்.

லென்ஸ் நடைமுறையில் 0.02 மி.மீ. வரை பிரித்துக் காட்டும், அதற்குக் கீழே இல்லை. ஆறி மூடிய விரிசல்களுக்குள் சிக்கிய நீர்க்குமிழிகள் பெரும்பாலும் 0.01 மி.மீ.க்கும் சிறியவை, லென்ஸில் குவார்ட்ஸுக்குள் மெல்லிய பால் திரையாக மட்டுமே தெரியும். அவற்றுக்கு மெல்லியதாக அறுத்து மெருகேற்றிய பாறைச் சீவலும் நுண்ணோக்கியும் வேண்டும்.

பராமரிப்பு எளிது. கல்தூசியைத் துடைக்காமல் ஊதி எடுங்கள், குவார்ட்ஸ் துகள் கண்ணாடியைக் கீறும். மழைக்காலத்தில் சிலிக்கா ஜெல் பையோடு வைத்தால் பூஞ்சை வராது. அசிட்டோனில் நனைக்கவே கூடாது. கண்ணாடிகளைச் சேர்த்திருக்கும் பசை கெட்டுவிடும்.