பிரேக் லைட் எரியவில்லையா? டெஸ்ட் லாம்பா, மல்டிமீட்டரா?

கருவியைத் தேடும் முன், எத்தனை விளக்கு எரியவில்லை என்று பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் என்றால் பெரும்பாலும் பல்பு, இல்லாவிட்டால் அதன் ஹோல்டர். மேலே இருக்கும் மூன்றாவது விளக்கும் சேர்ந்து அணைந்திருந்தால் ஃபியூஸ் அல்லது பெடலுக்கு அருகில் உள்ள பிரேக் ஸ்விட்ச். ஆட்டோமேட்டிக் காரில் கியர் ‘பி’யை (பார்க்) விட்டு நகரவும் மறுத்தால் ஸ்விட்ச் மேல் சந்தேகம் வலுக்கும்.

ஃபியூஸுக்கு டெஸ்ட் லாம்ப்தான் வேகம்: ஒரு முனையில் கூர்முள், மறுமுனையில் வயரும் கிளிப்பும், நடுவே சிறு பல்பு. கிளிப்பை பாடியில் பெயிண்ட் இல்லாத உலோகத்தில் மாட்டி, ஃபியூஸின் தலையில் தெரியும் இரண்டு உலோகப் புள்ளிகளையும் பெடலை மிதிக்காமல் தொட்டால் போதும், கழற்றவே வேண்டாம். இரண்டிலும் எரிந்தால் நல்லது, ஒன்றில் மட்டும் எரிந்தால் ஃபியூஸ் போயிருக்கிறது. இரண்டிலும் எரியவில்லையா? முதலில் உங்கள் கிளிப்பைச் சந்தேகப்படுங்கள்.

வோல்ட்டை எண்ணில் காட்டும் மல்டிமீட்டரிடம் ஏமாறுகிற இடம் வயரிங். பிரேக் பல்பு 21 வாட், அதாவது 12 வோல்ட்டில் 1.75 ஆம்பியர் இழுக்கும். மீட்டரோ பொதுவாக 10 மெகாஓம் தடையோடு நிற்பதால் கரண்ட்டே எடுக்காது என்று சொல்லலாம். வயரோ இணைப்போ அரித்துத் தடை மிக ஏறியிருந்தாலும் ஹோல்டரில் 12 வோல்ட் காட்டிவிடும். பல்பைப் போட்டால் எரியாது! டெஸ்ட் லாம்ப் கொஞ்சமாவது கரண்ட் இழுப்பதால் அங்கே மங்கிக் காட்டிக்கொடுக்க வாய்ப்புண்டு. ஆனாலும் 21 வாட் சுமைக்கு அது ஈடில்லை.

அதே மீட்டரைச் சரியாகப் பிடித்தால் கதையே மாறும். பல்பு ஹோல்டரிலேயே இருக்கட்டும், பெடலை யாராவது மிதிக்கட்டும். கறுப்பு முனையை பேட்டரி மைனஸிலும் சிவப்பு முனையை ஹோல்டரின் எர்த் வயரிலும் (கரண்ட் பேட்டரி மைனஸுக்குத் திரும்பும் வயர்) வையுங்கள். ஏறக்குறைய பூஜ்யம் வர வேண்டும். ஒரு வோல்ட் வந்தாலே எர்த் கெட்டிருக்கிறது. பிரேக் மிதிக்கும்போது பக்கத்து இண்டிகேட்டரும் மங்கலாக மினுங்கினால் இந்தச் சோதனையிலிருந்தே ஆரம்பிக்கலாம். எர்த்தைப் பிடிப்பதில் டெஸ்ட் லாம்ப் இதன் கிட்டேகூட வராது.

இரண்டு வயர் ஸ்விட்சுக்கு எதுவானாலும் சரி: ஒரு வயரில் கரண்ட் இருக்கும், மற்றதில் மிதித்தால்தான் வரும். நான்கு வயர் ஸ்விட்ச் என்றால் வயரிங் படம் இல்லாமல் முடிவுக்கு வராதீர்கள். சிலவற்றில் ஒரு ஜோடி மிதிக்கும்போது இணையும், மற்றது பிரியும்.

எல்இடி விளக்கும் அதை இயக்கும் எலக்ட்ரானிக் கட்டுப்பாட்டு மாட்யூலும் உள்ள புதிய காரில் பல்பு வைத்த டெஸ்ட் லாம்ப்பை நான் நீட்டமாட்டேன். அது இழுக்கிற கரண்ட் மாட்யூலுக்குக் கேடாகலாம். அங்கே மீட்டர்தான்.

ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் என் ஓட்டு மல்டிமீட்டருக்கு. பழைய காருக்கு ஒரு உதிரி 21 வாட் பல்பில் இரண்டு வயரைப் பற்றவைத்துக்கொண்டால், பிரேக் லைட் லைனுக்கு அதுவே கடையில் கிடைப்பதைவிட நல்ல டெஸ்ட் லாம்ப்.