கோஹாவில் கொள்முதல் முதல் பட்டியலாக்கம் வரை: எனக்குப் பிடித்த ஒரு குறை எண்

நூலகத்தில் கொள்முதல் மேசை என்னுடையது. புத்தகம் வந்து, பில்லைச் சரிபார்த்து, தள்ளுவண்டியில் ஏற்றிவிட்டால் என் வேலை முடிந்தது. ஆனால் புத்தக விவரங்களை நூலகப் பட்டியலில் பதியும் பட்டியலாக்குபவர் கைக்குப் போகும்வரை அந்தப் புத்தகம் எங்கே இருக்கிறது என்பது யாருக்கும் தெரியாது. வாசகர் கேட்டால் வண்டி வண்டியாகத் தேடுவோம். கோஹா என்ற நூலக மேலாண்மை மென்பொருளுக்கு மாறி இரண்டு வருடம் ஆகிறது. இந்த இடைவெளியை அது எப்படிச் சமாளிக்கிறது என்பதை மட்டும் சொல்கிறேன்.

கோஹா, 2000-இல் நியூசிலாந்து நூலகம் ஒன்றில் ஓடத் தொடங்கிய கட்டற்ற மென்பொருள். மாவோரி மொழியில் அந்தச் சொல்லுக்கு அன்பளிப்பு என்று பொருள்.

புத்தகத்தின் ஐஎஸ்பிஎன் எண்ணைக் கொடுத்தால், நூலகங்கள் பதிவுகளைத் தேடிப் பெற உதவும் இசட்39.50 என்ற நெறிமுறை வழியாக வேறொரு நூலகத்தின் மார்க் பதிவை, அதாவது கணினி படிக்கும் வடிவிலான புத்தக விவரத்தை, ஆர்டர் போடும்போதே இழுத்துக்கொள்ளலாம். பட்டியலாக்குபவர் முதலிலிருந்து தட்டச்சு செய்ய வேண்டியதில்லை. அந்தப் பதிவின் 245-ஆம் புலத்தில் தலைப்பையும் 082-ஆம் புலத்தில் பகுப்பெண்ணையும் (புத்தகத்தின் பாடப்பிரிவைக் காட்டும் எண்) சரிபார்த்தால் பாதி வேலை முடிந்தது.

கையில் வரும் ஒவ்வொரு பிரதிக்கும் உரிய பதிவை கோஹாவில் எப்போது உருவாக்குவது என்பதை நாமே முடிவு செய்யலாம்: ஆர்டர் போடும்போது, புத்தகம் வந்து சேரும்போது, அல்லது பட்டியலாக்கும்போது. நாங்கள் முதலில் மூன்றாவதைத் தேர்ந்தெடுத்தோம். அது எங்கள் தவறு. பழைய குழப்பம் அப்படியே தொடர்ந்தது. அப்புறம் முதல் வழிக்கு மாறினோம். இப்போது ஆர்டர் போட்ட அன்றே பிரதிக்கு -1, அதாவது 'ஆர்டரில் உள்ளது' என்ற நிலை கிடைக்கிறது. குறை எண் என்பதால் இரவல் தர முடியாது, ஆனால் வாசகர் முன்பதிவு செய்துகொள்ளலாம். எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

புத்தகம் வந்ததும் நிலை தானாக 0, அதாவது 'இரவலுக்குத் தயார்', ஆகும்படி வைத்துவிடாதீர்கள். வண்டியில் கிடக்கும் புத்தகம் அலமாரியில் இருப்பதாகக் காட்டும். நாங்கள் -2 என்று ஒன்றைச் சேர்த்து 'பட்டியலாக்கத்தில் உள்ளது' என்று பெயர் வைத்தோம். லேபிள் ஒட்டி முடித்து இரவல் போன புத்தகத்தைத் திரும்பப்பெறும் திரையில் ஒருமுறை ஸ்கேன் செய்தால் 0 ஆகிவிடும். இதற்கும் கோஹாவிலேயே அமைப்பு இருக்கிறது.

மாதத்துக்குப் பத்துப் பதினைந்து புத்தகம் மட்டும் வாங்கும் நூலகத்துக்கு இந்தக் கொள்முதல் பகுதி தேவையில்லை என்பேன். பட்ஜெட், நிதித் தலைப்பு, விற்பனையாளர் எல்லாம் பதிந்த பிறகுதான் முதல் ஆர்டரே போட முடியும்.

நன்கொடைப் புத்தகங்களுக்கும் 'நன்கொடை' என்றொரு விற்பனையாளரை உருவாக்கி, விலை 0 போட்டு இதே வழியில் அனுப்புகிறோம். திங்கட்கிழமை காலையில் -2-இல் நிற்கும் பிரதிகளின் அறிக்கையை எடுப்பேன். அதில் முன்பதிவு உள்ளவை முதலில் பட்டியலாக்குபவர் மேசைக்குப் போகும்.