தடைக்காலத்தில் படகு பேட்டரி: கழற்றி வைப்பதா, கடையில் கொடுப்பதா, சார்ஜரா, சோலாரா?

ஏப்ரல் 15 வந்தால் கடலூர் முதுநகரிலும் புதுச்சேரி தேங்காய்த்திட்டிலும் விசைப்படகுகள் வரிசையாகக் கட்டிக் கிடக்கும். ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். அதற்குள் வலை சரிபார்ப்பது, பெயிண்ட் அடிப்பது, என்ஜினைப் பிரித்து மாட்டுவது என்று எல்லா வேலையும் நடக்கும். பேட்டரி ஞாபகம் மட்டும் கடலுக்குப் போகும் அன்று விடியற்காலையில்தான் வரும். செல்ஃப் 'டக்' என்று ஒரு சத்தம் போட்டு நின்றுவிடும். அப்புறம் பக்கத்துப் படகிலிருந்து ஒயர் இழுப்பது, இல்லையென்றால் கடைக்கு ஓடுவது. அன்றைக்குப் பேட்டரி கடையில் நிற்க இடம் இருக்காது.

படகு பேட்டரிப் பராமரிப்பு பற்றிக் கிடைக்கிற ஆலோசனைகளில் பெரும்பாலானவை குளிர் நாடுகளில் எழுதப்பட்டவை. அங்கே படகு ஓய்வெடுப்பது பனிக்காலத்தில். முழு சார்ஜில் இருக்கும் ஈய அமில பேட்டரி மைனஸ் 50 டிகிரியை ஒட்டிய குளிரையும் தாங்கும். காலியாகிவிட்ட பேட்டரியோ மைனஸ் 10 வாக்கிலேயே உறைந்து பெட்டி பிளந்துவிடும். அதனால் அவர்கள் சொல்வது: முழுக்க சார்ஜ் செய், ஒயரைக் கழற்று, வசந்தம் வரும்வரை மறந்துவிடு. அவர்களுக்கு அது சரி. குளிரில் பேட்டரி தானாக இறங்குவது மிகவும் குறைவு.

நம் படகு ஓய்வெடுப்பது கத்திரி வெயிலில். வெப்பம் 10 டிகிரி ஏறினால், பேட்டரி தானாக இறங்கும் வேகம் ஏறக்குறைய இரண்டு மடங்காகும். 25 டிகிரியில் மாதம் ஐந்து சதவீதம் இழக்கும் சாதாரண தண்ணீர் ஊற்றும் பேட்டரி, மூடிக் கிடக்கும் என்ஜின் அறைக்குள் பத்து சதவீதம் இழக்கும். இறங்கிய நிலையிலேயே கிடந்தால் தகடுகளில் ஈய சல்பேட் இறுகிப் படியும். இறுகிவிட்ட சல்பேட்டைப் பிறகு எந்த சார்ஜரும் முழுசாகக் கரைக்காது. ஆகவே வழிகளை நம் வெயில் கணக்கை வைத்துத்தான் ஒப்பிட வேண்டும்.

கழற்றி வைத்துவிடுவது

செலவே இல்லாத வழி. பலரும் நினைப்பதைவிட நல்ல வழியும்கூட. புது பேட்டரியாக இருந்து, முழு சார்ஜோடு நெகட்டிவ் ஒயரைக் கழற்றி வைத்தால், இரண்டு மாதத்தில் இருபது சதவீதம்தான் போகும். என்ஜின் முதல் தடவையே பிடித்துக்கொள்ளும்.

சிக்கல் 'முழு சார்ஜோடு' என்பதிலும் 'கழற்றி' என்பதிலும் இருக்கிறது. கடைசி நாள் கடலிலிருந்து வந்த பேட்டரி முழுக்க ஏறியிருக்கும் என்பதற்கு உத்தரவாதம் கிடையாது. இரவெல்லாம் லைட், எக்கோ சவுண்டர், வயர்லெஸ் எல்லாம் இழுத்திருக்கும். ஒயரைக் கழற்றாமல் சுவிட்சை மட்டும் அணைத்துவிட்டுப் போகிறவர்கள் ஒரு கணக்கைப் பார்க்கட்டும். எங்கேயோ ஒரு கருவி 50 மில்லி ஆம்பியர் மட்டும் இழுத்துக்கொண்டிருந்தால் ஒரு நாளைக்கு 1.2 ஆம்பியர் மணி. 61 நாளைக்கு 73. அதாவது 150 ஆம்பியர் மணி பேட்டரியில் பாதி, யாரும் எதையும் போடாமலேயே காலி. உப்பு ஈரம் படிந்த பழைய ஒயரிங்கில் கசிவு இதைவிட அதிகமாகவே இருக்கலாம். அதனால் கழற்றுவது என்றால் முனையைக் கையால் கழற்றுவதுதான். மெயின் சுவிட்சை நம்பக்கூடாது. படகின் அடியில் சேரும் தண்ணீரை இறைக்கும் பில்ஜ் பம்பு போன்றவற்றுக்கு அந்த சுவிட்சைச் சுற்றிக்கொண்டு தனி ஒயர் போட்டிருப்பார்கள்.

மூன்று வருடம் ஓடிய பேட்டரிக்கு இந்த வழியை நான் சொல்லமாட்டேன். பழசானால் தானாக இறங்கும் வேகமும் கூடிவிடும்.

இடையில் ஒரு விஷயம். சிமென்ட் தரையில் வைத்தால் பேட்டரி இறங்கிவிடும் என்று இன்னும் கட்டைமேல் ஏற்றி வைக்கிறார்கள். ரப்பர் பெட்டியில் பேட்டரி வந்த காலத்துப் பயம் அது. இப்போதைய பிளாஸ்டிக் பெட்டிக்குத் தரை ஒன்றும் செய்யாது. கட்டை இருந்தால் நல்லது, இல்லாவிட்டால் குடி முழுகாது.

வாரம் ஒரு தடவை என்ஜினை ஓட்டுவது

துறைமுகத்தில் அதிகம் பேர் செய்வது இதுதான். ஒப்பிட்டுப் பார்த்தால் பேட்டரிக்கு மிகக் குறைந்த பலன் தருவதும் இதுதான். ஐந்து விநாடி செல்ஃப் அடித்து 300 ஆம்பியர் இழுத்தால்கூடச் செலவானது அரை ஆம்பியர் மணிக்கும் குறைவு. ஆல்டர்னேட்டர் அதை இரண்டொரு நிமிடத்தில் திருப்பிக் கொடுத்துவிடும். அதைப் பார்த்துத்தான் பேட்டரி ஏறுகிறது என்று நம்புகிறார்கள். ஆனால் சும்மா நிற்கும் வேகத்தில் கால் மணி நேரம் ஓடினால் ஏறுவது ஐந்து ஆம்பியர் மணி இருந்தால் அதிகம். மேலே சொன்ன கசிவு மட்டுமே வாரத்துக்கு எட்டுக்கு மேல் தின்கிறது. பாதி இறங்கிய பேட்டரியை நிரப்ப எட்டுப் பத்து மணி நேரம் வேண்டும், அதுவும் கடைசி இருபது சதவீதம் மெதுவாகத்தான் ஏறும். அவ்வளவு நேரம் டீசலை எரிக்க யாருக்கு மனசு வரும்? என்ஜினுக்குள் ஆயில் சுற்றட்டும் என்று ஓட்டுகிறீர்களா, தாராளமாக ஓட்டுங்கள். அதைப் பேட்டரிப் பராமரிப்பில் சேர்க்காதீர்கள்.

கடையில் கொடுப்பது

இதன் பெரிய நன்மை சார்ஜ் அல்ல, பரிசோதனை. கடைக்காரர் அமிலத்தின் அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டரை ஆறு செல்லிலும் விட்டுப் பார்ப்பார். ஐந்து செல் ஒரே மாதிரி இருந்து ஒன்று மட்டும் கீழே நின்றால், அந்த பேட்டரிக்கு இனி எந்தப் பராமரிப்பும் வீண். அதை ஏப்ரலிலேயே தெரிந்துகொள்வது நல்லது.

குறை என்னவென்றால், கடையில் பல பேட்டரிகளை வரிசையாக இணைத்து ஒரே கரண்டில் ஏற்றுவார்கள். உங்களுடையது 150, பக்கத்தில் இருப்பது 80 என்றால் யாருக்கோ ஒருவருக்கு அளவு பொருந்தாது. அவசரத்துக்கு வேகமாக ஏற்றினால் தகடு சூடாகும். கொள்ளளவில் பத்தில் ஒரு பங்குக்கு மேல், அதாவது 150க்கு 15 ஆம்பியருக்கு மேல் ஏற்ற வேண்டாம் என்று சொல்லிக் கொடுங்கள். பெரிய பேட்டரி ஒன்று நாற்பது கிலோவை ஒட்டி வரும். இரண்டு என்றால் ஆள், வண்டி, ஏற்றுக்கூலி எல்லாம் சேரும். தடைக்காலம் தொடங்கும்போது ஒரு தடவை, மே நடுவில் ஒரு தடவை கொடுத்தால் போதும். ஜூன் முதல் வாரத்தில் போனால் வரிசையில் நிற்க வேண்டியதுதான்.

வீட்டில் ஸ்மார்ட் சார்ஜர்

ஒற்றை 12 வோல்ட் பேட்டரி, தூக்கக்கூடிய எடை, வீடு துறைமுகத்துக்குப் பக்கம் என்றால் என் ஓட்டு இதற்குத்தான். சோதிக்குப்பம், தேவனாம்பட்டினம், வீராம்பட்டினம் மாதிரி ஊர்களில் இது எளிது. நல்ல சார்ஜர் 14.4 வோல்ட் வரை ஏற்றி, நிரம்பியதும் 13.5 வாக்கில் இறங்கி நின்றுகொள்ளும். பழைய டிரான்ஸ்ஃபார்மர் சார்ஜருக்கு இந்த அறிவு கிடையாது. பேட்டரி நிரம்பிய பிறகும் தள்ளிக்கொண்டே இருக்கும், தண்ணீர் கொதித்து வற்றும். அதைப் போட்டுவிட்டுத் தூங்கப் போகக்கூடாது.

ஸ்மார்ட் சார்ஜரிலும் வெயில் விளையாடும். 13.5 என்பது 25 டிகிரிக்குச் சொன்ன அளவு. 35 டிகிரியில் அது 13.3 இருந்தால் போதும். வெப்பத்தைப் பார்த்துத் தானே குறைத்துக்கொள்ளும் சார்ஜராகக் கேட்டு வாங்குங்கள். இன்னொன்று மின்வெட்டு. பல சார்ஜர்கள் கரண்ட் போய் வந்ததும் முதலிலிருந்து ஆரம்பிக்கும், மறுபடி 14.4க்கு ஏறும். மே மாதத்தில் ஒரு நாளைக்கு நாலு தடவை அப்படி நடந்தால் தண்ணீர் என்ன ஆகும் என்று யோசியுங்கள். ஆகவே 61 நாளும் மாட்டியே வைப்பதைவிட, இரண்டு வாரத்துக்கு ஒரு ராத்திரி போட்டு எடுப்பதுதான் நம் ஊருக்குப் பொருந்தும். குறைந்த தண்ணீருக்கு டிஸ்டில்டு வாட்டர் மட்டும், அதுவும் சார்ஜ் முடிந்த பிறகு. முன்பே நிரப்பினால் சார்ஜில் பொங்கி வழியும். சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வரும் என்பதால் அடுப்பு, சாமி விளக்கு பக்கத்தில் வைக்கக்கூடாது. திண்ணை நல்ல இடம்.

வீட்டுக்கு வந்த பேட்டரியை இன்வெர்ட்டரில் மாட்டிவிடும் ஆசை பலருக்கு வரும். சார்ஜும் ஆச்சு, ஃபேனும் ஓடும் என்று. செய்யாதீர்கள். செல்ஃப் அடிக்கும் பேட்டரியின் தகடு மெல்லியது; ஒரு நொடியில் நிறைய கரண்ட் கொடுக்கச் செய்தது. ராத்திரி முழுக்க ஃபேன் ஓட்டி ஆழமாக இறக்கினால், ஒரே கோடையில் ஆயுளைச் சுருக்கிக்கொள்ளும். இன்வெர்ட்டருக்கான டியூபுலர் பேட்டரி வேறு ஜாதி.

சோலார்

24 வோல்ட் செல்ஃப் உள்ள பெரிய படகுக்கு நான் இதைத்தான் முதலில் சொல்வேன். இரண்டு கனமான பேட்டரிகளைத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டாம். நாளைக்கு அரை ஆம்பியர் மணி இழக்கும் பேட்டரிக்கு 10 வாட் பேனல் ஒன்று மே வெயிலில் இரண்டு மூன்று ஆம்பியர் மணி கொடுக்கும். போதும், போதும் என்கிற அளவு. அதனால்தான் நடுவில் சார்ஜ் கன்ட்ரோலர் கட்டாயம். '12 வோல்ட்' என்று விற்கும் பேனல் வெயிலில் 20 வோல்ட்டுக்கு மேல் காட்டும். அதை நேராக மாட்டி இரண்டு மாதம் விட்டால் பேட்டரியில் தண்ணீர் தேட வேண்டியிருக்கும்.

24 வோல்ட் படகில் கவனிக்க வேண்டிய பழைய வியாதி ஒன்று உண்டு. ஜிபிஎஸ், பாட்டுப்பெட்டி மாதிரி 12 வோல்ட் சாமான்களுக்கு இரண்டில் ஒரு பேட்டரியிலிருந்து மட்டும் ஒயர் எடுத்திருப்பார்கள். அது எப்போதும் பாதி, இன்னொன்று எப்போதும் நிரம்பி வழியும். இரண்டையும் சேர்த்து 24 வோல்ட்டில் ஏற்றினால் இந்த வித்தியாசம் தீராது. நடு இணைப்பைக் கழற்றி, ஆளுக்கொரு சின்ன பேனல், ஆளுக்கொரு கன்ட்ரோலர் என்று தனித்தனியாக மாட்டினால் இரண்டும் சமமாகும்.

சோலாரின் குறை துறைமுகத்தில்தான் தெரியும். படகுகள் நெருக்கி நிற்பதால் பக்கத்து வீல்ஹவுஸ் நிழல் விழும், காக்கை எச்சம் போடும், திருடு போகும். பெயிண்ட், வெல்டிங் வேலை நடக்கும்போது கழற்ற வேண்டும். இரும்புப் படகில் வெல்டிங் வைப்பதற்கு முன்பு பேட்டரி ஒயரை எப்படியும் கழற்றியாக வேண்டும்.

ஐப்பசி, கார்த்திகையில் கணக்கு மாறும்

புயல் எச்சரிக்கையில் படகு நாள் கணக்கில் நிற்கும்போது பேட்டரியை வீட்டுக்குக் கொண்டுபோக முடியாது. மழைத் தண்ணீரை இறைக்க பில்ஜ் பம்பு ஓட வேண்டும். கழற்றி வைப்பது, கடை, வீட்டு சார்ஜர் எல்லாம் அடிபட்டுப்போகின்றன. கரையிலிருந்து ஒயர் இழுத்து சார்ஜ் போடலாம் என்றாலும், 2011 டிசம்பர் 30 தானே புயலுக்குப் பிறகு கடலூரில் பல நாள் கரண்ட் இல்லாமல் கிடந்ததை இங்கே யாரும் மறக்கவில்லை. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புதுச்சேரிப் பக்கம் கரையேறியபோதும் இருட்டுதான். சோலார்தான் மிச்சம். ஆனால் மேகமூட்டத்தில் 10 வாட் எதற்கும் காணாது, 40, 50 வாட்டாவது வேண்டும். காற்று வலுக்கும் முன் பேனலை இறக்கிவிட வேண்டும். கயிறு இழுத்து ஸ்டார்ட் செய்யும் ஃபைபர் படகுக்காரர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. அவர்களுடைய சின்ன பேட்டரி தினமும் கையோடு வீட்டுக்கு வந்துவிடும்.

தண்ணீர் ஊற்றத் தேவையில்லாத ஏஜிஎம் பேட்டரி தானாக இறங்குவது குறைவு, ஆனால் அதிக வோல்ட் ஏறினால் வற்றியதைத் திரும்ப நிரப்ப முடியாது. லித்தியம் என்றால் எல்லாமே தலைகீழ். முழுக்க ஏற்றி வைக்கக்கூடாது. பாதிக்குச் சற்று மேலே நிறுத்தி, ஒயரைக் கழற்றி, நிழலில் வைத்தால் இரண்டு மாதம் அதன் பக்கமே போக வேண்டாம்.

எந்த வழியில் போனாலும் ஒரு மல்டிமீட்டர் வேண்டும். 12.7 முழுசு, 12.2 பாதி என்று அச்சடித்த அட்டவணையை அப்படியே நம்ப வேண்டாம். நம் வெப்பத்துக்காகப் பல பேட்டரிகளில் அமிலத்தின் அடர்த்தி 1.240 அளவில்தான் இருக்கும். அது முழு சார்ஜிலேயே 12.5 தான் காட்டும். முழுக்க ஏற்றி ஒரு ராத்திரி விட்டு, மறுநாள் காட்டும் அளவைப் பெட்டியிலேயே மார்க்கரால் எழுதி வையுங்கள். அதிலிருந்து 0.2 குறைந்தால் சார்ஜ் போடும் நேரம். ஜூன் பிறந்ததும் செல்ஃப் அடித்துக்கொண்டே ஒரு தடவை அளந்து பாருங்கள். அந்த நேரத்தில் ஒரு பேட்டரி 9.6க்குக் கீழே போனால், எடைக்குப் போட்டுவிட்டுப் புதுசு வாங்கக் கையில் இன்னும் பத்து நாளாவது இருக்கும்.