தாராவி மாலை வகுப்பு: இணையத்தில் நன்கொடை திரட்டிய ஐந்தாண்டு அனுபவம்

தாராவி 90 அடிச் சாலையை ஒட்டிய ஒரு சந்தில், தமிழ்ப் பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு நடத்தும் சின்ன அறக்கட்டளை எங்களுடையது. முன்பெல்லாம் ரசீது புத்தகத்தை எடுத்துக்கொண்டு மாட்டுங்கா, சயான், செம்பூர் என்று வீடு வீடாக ஏறி இறங்குவோம். 2020 ஊரடங்கில் அது நின்றுபோனது. இணைய வழி நன்கொடை அப்போது என் பொறுப்பில் வந்தது.

முதலில் நிதி திரட்டும் தளம் ஒன்றில் பக்கம் திறந்தோம். வாடகை பாக்கி தீர்ந்தது, அதற்கு நன்றி. ஆனால் அழும் குழந்தையின் முகம் போட்டால் பணம் கூடும் என்று தளத்துக்காரர்கள் ஆலோசனை சொன்னார்கள். அது எனக்குப் பொறுக்கவில்லை. அப்புறம் ஒருநாள் மாட்டுங்கா மாமி ஒருவர் போன் செய்தார். "ஏன்டாப்பா, ஆயிரம்தானே போட்டேன், நூத்தி இருபது கூடப் போயிருக்கே?" பார்த்தால், தளத்துக்கென்று ஒரு தொகை தானாகவே சேர்ந்திருக்கிறது. வேண்டாம் என்றால் கொடுப்பவரே அதைப் பூஜ்யமாக்க வேண்டுமாம். மாமியிடம் மன்னிப்புக் கேட்டேன். அவசரத் தேவைக்குத் தளம் சரி, வருடம் முழுக்க அதை நம்பி வகுப்பு நடத்த முடியாது.

அடுத்து, வங்கி தந்த கியூஆர் அட்டை. அண்ணாச்சி கடைக் கல்லாவில்கூட ஒன்று ஒட்டினோம். யுபிஐ என்பதால் பிடித்தம் இல்லாமல் முழுப்பணமும் வந்தது. ஆனால் வங்கிக் கணக்கில் கொடுத்தவர் பெயர் மட்டும்தான் தெரியும். பான் எண், முகவரி இல்லாமல், நன்கொடைக்கு வரிச்சலுகை பெற உதவும் 80ஜி சான்றிதழை யாருக்குக் கொடுப்பது?

இந்த இடத்தில்தான் சின்ன அமைப்புகள் தடுமாறுகின்றன. 2021-22 கணக்கிலிருந்து, நன்கொடையாளர் விவரங்களை 10பிடி படிவத்தில் மே 31க்குள் வருமான வரித்துறைக்கு ஏற்ற வேண்டும் என்று வந்தது. தவறினால் நாளுக்கு 200 ரூபாய் கட்டணம். ஏற்றிய பிறகுதான் அந்த 80ஜி சலுகைக்கான 10பிஇ சான்றிதழை எடுத்துக் கொடுக்க முடியும். முதல் வருடம் மே 30 இரவு ஒரு நன்கொடையாளரின் விவரம் மட்டும் ஏறவே மாட்டேன் என்றது. பான் எண்ணில் முதலில் ஐந்து எழுத்து, பிறகு நான்கு இலக்கம், கடைசியில் ஓர் எழுத்து. ஆறாவது இடத்தில் பூஜ்யத்துக்குப் பதிலாக ஆங்கில ஓ விழுந்திருக்கிறது. அதைக் கண்டுபிடிக்க ஒரு மணி நேரம் ஆயிற்று. இப்போது பணம் வந்த அன்றே, பான் எண்ணும் முகவரியும் கேட்டு, கொடுத்தவருக்கு ஒரு விவரப் படிவத்தை அனுப்பிவிடுகிறேன். மே மாதத்தில் கேட்டால் பாதிப்பேர் ஊருக்குப் போயிருப்பார்கள்.

எங்களை நிலைநிறுத்தியது யுபிஐ ஆட்டோபே. கொடுப்பவர் ஒருமுறை அனுமதித்தால், மாதாமாதம் குறித்த தேதியில் பணம் தானாக வந்துவிடும். மாதம் 200, 300, 500 என்று சின்னச் சின்னத் தொகைதான், ஆனால் டீச்சர் சம்பளம் அதிலிருந்துதான் போகிறது. முதலில் 1ஆம் தேதி வைத்திருந்தோம். கணக்கில் பணமில்லாமல் பலருக்குத் தவறியது. 7ஆம் தேதிக்கு மாற்றியதும் பெரும்பாலும் சரியாகிவிட்டது. அப்படியும் தவறினால் தானியங்கிக் குறுஞ்செய்தி அனுப்ப மாட்டேன், போனில் பேசுவேன். இரண்டு மாதம் வேலையில்லை என்று ஒருவர் சொன்னார். "பரவாயில்லை அண்ணே, பிறகு பார்த்துக்கலாம்" என்றேன். வேலை கிடைத்ததும் அவரே மறுபடி ஆரம்பித்தார்.

வெளிநாட்டுப் பணத்தில் மட்டும் கவனம் வேண்டும். அமெரிக்கக் குடியுரிமை வாங்கிய எங்கள் பழைய மாணவர் ஒருவர் ஆசையாகக் கேட்டும் மறுக்க வேண்டியிருந்தது. வெளிநாட்டு நன்கொடை வாங்கத் தேவையான எஃப்சிஆர்ஏ சட்டப் பதிவு எங்களுக்கு இல்லை. பதிவு இருந்தாலும், அந்தப் பணம் டெல்லி ஸ்டேட் வங்கி முதன்மைக் கிளைக் கணக்கில்தான் முதலில் வர வேண்டும். துபாயில் இருக்கும் இந்தியக் குடிமகன் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாகத் தருவதை வாங்கலாம். கடவுச்சீட்டுப் பிரதியை மட்டும் வாங்கி வைத்துக்கொள்கிறோம்.

10ஆம் தேதி எல்லோருக்கும் வாட்ஸ்அப்பில் ஒரு படம் போகும். முகம் இருக்காது, ஒரு நோட்டுப் பக்கம் மட்டும். போன மாதம் மூன்றாம் வகுப்புப் பெண் எழுதிய 'வாழைப்பழம்'. இரண்டு முறை அடித்து, மூன்றாவதில் ழ சரியாக வந்திருந்தது. இப்போது மாதம் 500 தரும் அதே மாமி, அடுத்த பக்கத்தையும் அனுப்பச் சொல்லியிருக்கிறார்.