ஓவர்லாக் மெஷினையே கைமாத்தாகத் தரும் ஸ்பேர் கடை

திருப்பூர் பி.என். ரோட்டிலிருந்து உள்ளே திரும்பும் சந்தில் இருக்கிறது இந்தத் தையல் மெஷின் ஸ்பேர் கடை. பத்தடி அகலம் இருந்தால் அதிகம். ஊசி, லூப்பர் (ஊசிக்குக் கீழே நூலைக் கண்ணியாகப் பிடிக்கும் பாகம்), பெல்ட் எல்லாம் மற்ற கடைகளிலும் கிடைப்பவைதான், விலையும் ஏறக்குறைய அதேதான். அக்கம்பக்கத்துப் பவர் டேபிள்காரர்கள் (கூலிக்குத் தைத்துக் கொடுக்கும் சின்ன யூனிட்காரர்கள்) இங்கே வருவது விற்பனைக்கு வைக்காத சாமானுக்காக. உள்சுவர் ஓரம் இரண்டு பழைய ஓவர்லாக் ஹெட் (துணி ஓரத்தை வெட்டிச் சுற்றித் தைக்கும் மெஷின், மேசை இல்லாமல்), ஒரு பிளாட்லாக் (மடிப்பைத் தட்டையாகத் தைக்கும் மெஷின்), ஒரு சிங்கிள் பேஸ் மோட்டார். ஷிப்மெண்ட் நேரத்தில் மெஷின் படுத்துவிட்டால் கைமாத்தாக எடுத்துப் போகலாம். வாடகையும் இல்லை, அட்வான்சும் இல்லை. திரும்பக் கொண்டுவரும்போது துடைத்து, புது ஊசி மாட்டித் தர வேண்டும், அவ்வளவுதான்.

"ஏனுங்க, ஓவர்லாக் நின்னுபோச்சுங்க" என்றால் கடைக்காரர் முதலில் கேட்பது, "என்ன துணி தைக்கிறீங்க? வீட்டுக் கரண்டா, த்ரீ பேஸுங்களா?" இந்த ஒரு கேள்விக்கே கடையைப் பாராட்டலாம். மெல்லிய சிங்கிள் ஜெர்சி பின்னல் துணிக்கு 75/11 அளவு பால் பாயிண்ட் (உருண்டை முனை) ஊசி சரியாக இருக்கும். தடித்த ஃபிளீஸ் துணி தைத்த 90/14 ஊசியை அப்படியே விட்டு ஜெர்சியை ஓட்டினால் துணியின் பின்னல் கண்ணி அறுந்துவிடும். தைக்கும்போது தெரியாது, இழுத்தாலோ துவைத்தாலோதான் தையல் ஓரம் வரிசையாக ஓட்டை விழும். கரண்டு விஷயமும் அப்படித்தான். த்ரீ பேஸில் இரண்டு ஒயர் இடம் மாறினால் மோட்டார் எதிர்ப்பக்கம் சுற்றும், தையல் விழாது.

ஹெட்டைத் தூக்குவதற்கு முன் எண்ணெயை வடித்துவிடுங்கள். வண்டியில் சாய்த்துக் கொண்டுபோனால் எண்ணெய் ஒழுகி, அடுத்த நாள் வெள்ளை பனியனில்தான் கறையாகத் தெரியும். இறக்கி வைத்ததும் கண்ணாடியில் உள்ள கோடு வரை எண்ணெய் ஊற்றி, வேஸ்ட் துணியில் ஐந்து நிமிஷம் ஓட்டுங்கள். ஸ்கிப் (தையல் விட்டுவிட்டு) விழுந்தால் உடனே லூப்பரில் கை வைக்காதீர்கள். ஊசி மேல்வரை ஏறியிருக்கிறதா, வளைந்திருக்கிறதா, கண்ணுக்கு மேலே உள்ள குழிவு பின்பக்கம் திரும்பியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

தீபாவளிக்கு முன் இரண்டு ஹெட்டுக்கு மூன்று பேர் கேட்டு நிற்பார்கள். அப்போது கடைக்காரர் பக்கத்து யூனிட்டுக்குப் போன் போடுவார்: "அம்மணி, உங்க மூணாவது மெஷின் சும்மாதான நிக்குது? ரெண்டு நாளைக்கு இவருக்குக் குடுங்க." பெரும்பாலும் மெஷின் வந்துவிடும். ஒரே வேலைக்குப் போட்டி போடுகிறவர்கள் இப்படிக் கொடுத்து வாங்குவது பெரிய விஷயம்.

நூல் கோனும் இப்படியே கைமாறுகிறது, அதில்தான் கவனம் வேண்டும். ஷேட் (நிற) நம்பர் ஒன்றாக இருந்தாலும் சாயம் போட்ட லாட் மாறினால் நிறம் லேசாக வேறுபடும். கடன் வாங்கிய கோனை உள்தையலுக்கு வையுங்கள், கழுத்துக்கும் கைக்கும் வேண்டாம்.

குறை என்றால் பற்று நோட்டுத்தான். வாங்கியவர் பெயர் இருக்கும், தேதியும் ஊசி நம்பரும் இருக்காது. பத்து ஊசி உள்ள பாக்கெட்டைக் கடனாக வாங்கியவர் வேறு முனை ஊசியைத் திருப்பித் தந்தாலும் அப்படியே பெட்டிக்குள் போய்விடும். ஏற்றுமதி வேலையில் இது சின்ன விஷயமில்லை. உடைந்த ஊசியின் எல்லாத் துண்டையும் தேடி எடுத்து, டேப் போட்டு ரிஜிஸ்டரில் ஒட்டிக் கணக்குக் காட்ட வேண்டும். எங்கிருந்தோ வந்த ஊசிக்கு யார் கணக்குக் காட்டுவது? கடையில் எழுதாவிட்டாலும், வாங்குகிறவர்கள் தங்கள் ரிஜிஸ்டரில் எண்ணிக்கையோடு ஏற்றிவிடுவது நல்லது.

கடை மெக்கானிக் காலை எட்டரைக்குள் கிளம்பிவிடுவார், அதற்குமுன் போங்கள். லூப்பர் மாற்ற வேண்டுமென்றால் பழையதைக் கழற்றிக் கையோடு கொண்டுபோங்கள். வாயால் சொல்லிக் கேட்டால் மாடல் மாறிவிடும்.