ஜிம்மியிடம் கேட்டதை என்னிடம் கேட்கவில்லை

மெல்பர்ன் திரும்பி நாலு நாள் ஆகிறது. மூன்று வாரம் கடலூர். தங்கை மகள் கல்யாணம் நல்லபடி முடிந்தது, சில்வர் பீச்சில் கால் நனைத்தாயிற்று, பேங்க் வேலைகூட ஒரே நாளில் ஆனது. அதெல்லாம் கிடக்கட்டும். மனசில் நிற்பது பல்தான்.

போன மறுநாளே அத்தை சுட்ட கைமுறுக்கைக் கடித்தேன். கீழ்க் கடைவாய்ப்பல்லில் அடைத்திருந்த பழைய சிமெண்ட் முறுக்கோடு சேர்ந்து வந்துவிட்டது. மெல்பர்னில் அந்தப் பல்லுக்கு ரூட் கெனாலும் கேப்பும் சேர்த்து மூவாயிரம் டாலருக்கு மேல் சொல்லியிருந்தார்கள். ஆஸ்திரேலிய அரசின் மருத்துவக் காப்பீடான மெடிகேர் பெரியவர்களின் பல்லைப் பொதுவாகக் கண்டுகொள்ளாது. ‘ஊருக்குப் போய்ப் பார்த்துக்கலாம்’ என்று ஒரு வருஷமாக வலது பக்கமே மென்றுகொண்டிருந்தேன். என்னைப் போல மெல்பவர்கள் இங்கே நிறையப் பேர்.

கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு கிளினிக். வாசலில் செருப்பை விட்டு, டோக்கன் வாங்கி, அரைமணியில் நாற்காலியில் சாய்ந்துவிட்டேன். மெல்பர்னில் என்றால் அதற்கு முன்னால் மூன்று பக்கப் படிவம் வரும்: சர்க்கரை, பிரஷர், இதயக் கோளாறு, தினமும் என்ன மாத்திரை, எந்த மருந்து ஆகாது என்று. எரிச்சலோடுதான் நிரப்புவேன். இங்கே டாக்டர் கேட்டது ஒன்றே ஒன்று. “நீங்க எந்தத் தெரு, யாரு வீட்டுப் பிள்ளை?”

சொன்னேன். “அட, கணக்கு சார் பையனா! ஒன்பதாவதுல என் காதைத் திருகியிருக்காரு” என்று சந்தோஷப்பட்டு ஊசியை ஏற்றினார். கை சுத்தம், அதைச் சொல்லியே ஆக வேண்டும். நரம்பை எடுத்துத் தற்காலிகமாக அடைத்து அனுப்பியபோது வலி போயிருந்தது. அப்பாவைப் பற்றி அவர் பேசியதில் எனக்குக் கண்கூடக் கொஞ்சம் கலங்கியது.

கீழே மெடிக்கலில் சீட்டை நீட்டினால் அமாக்சிசிலின் அட்டை வருகிறது. ஆறு வயதில் பென்சிலின் ஊசி போட்டு உதடு வீங்கி, உடம்பெல்லாம் தடித்து ஆஸ்பத்திரியில் கிடந்தவன் நான். இதுவும் அதே குடும்பம். அம்மா போட்ட சத்தத்தில் கடையே திரும்பிப் பார்த்தது. “இவனுக்கு அது ஆகாதுய்யா!” எனக்கு வயது 46. கடைக்காரர் பதறவேயில்லை. “அப்ப இதை எடுத்துக்குங்க” என்று சீட்டே இல்லாமல் வேறொன்றைத் தள்ளினார்.

மறுபடி மாடி ஏறினேன். டாக்டர் சிரித்துக்கொண்டே சீட்டில் இருந்ததை அடித்துவிட்டு வேறு எழுதினார். “முன்னாடியே சொல்லக்கூடாதா தம்பி?” கேட்டால்தானே சொல்வதற்கு! வீக்கமும் காய்ச்சலும் இல்லாத பல்வலிக்கு, அதுவும் நரம்பை எடுத்த பிறகு, ஆன்டிபயாட்டிக் பெரும்பாலும் தேவையே இல்லை. அதை மெதுவாகச் சொன்னேன். “நம்ம ஊரு தண்ணிக்கு வேணும்” என்றார்.

இதுகூட மறந்திருக்கும், ஜிம்மி இல்லாவிட்டால். அம்மாவின் பொமரேனியன், ஒன்பது வயது, கிட்டே வந்தால் வாய் நாறும். புதுச்சேரியில் ஒரு கால்நடை மருத்துவரிடம் காரில் கொண்டுபோனோம். அந்தப் பெண் டாக்டர் முதலில் தராசில் நிறுத்தினார்: ஆறு கிலோ நானூறு. என்ன சாப்பாடு, இருமல் உண்டா, முன்னால் மயக்க ஊசி போட்டதுண்டா, எந்த மருந்தாவது ஒத்துக்காமல் போனதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதினார். பல்லில் படிந்த காறையை எடுக்க மயக்கம் கொடுத்தாக வேண்டும், ஈறுக்கு அடியில் இருப்பது அப்போதுதான் வரும், அதனால் முதலில் ரத்தப் பரிசோதனை என்றார். மயக்கமே இல்லாமல் சுரண்டித் தருவதாகச் சொன்ன நாய்க் குளியல் கடையை அம்மா பாதி நம்பியிருந்தார்.

“பல் தேய்ச்சு விடுறீங்களா?”

“தினமும் டாக்டர். எங்க பேஸ்ட்தான்” என்றார் அம்மா பெருமையாக.

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். நாய்க்குத் துப்பத் தெரியாது, ஃப்ளூரைடு வயிற்றுக்குள் போகும், சில பேஸ்டில் இருக்கும் சைலிட்டால் என்ற இனிப்பு நாயின் ரத்தச் சர்க்கரையைச் சட்டென்று இறக்கிவிடும், ஆளையே முடித்துவிடும் என்று விளக்கினார். அம்மா முகம் சுருங்கிவிட்டது. திரும்பும் வழியெல்லாம் ஜிம்மியை மடியில் வைத்துத் தடவிக்கொண்டே வந்தார்.

ஆல்பேட்டை தாண்டும்போது, “அந்தப் பொண்ணு மனுஷங்களுக்கும் பார்க்குமாடா?” என்று கேட்டார்.